இரும்புப் பல்லுக்குப் பக்கத்துப் பல்

ஜெயவேல் எனக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். ஒரே ஒரு பல்லுக்காகப் பட்ட கடன். வட்டி கிடையாது, வட்டி வாங்கியும் எனக்குப் பழக்கமில்லை, கொடுத்தும் பழக்கமில்லை. வாரம் ஐநூறு வீதம் எழுபத்தாறு சனிக்கிழமைகளில் அதை அடைத்து முடித்தான். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வருகிறது. அவனிடம் நான் பார்த்த நல்ல குணமும், அவனால் எனக்கு ஏறிய எரிச்சலும் இதற்குள்ளேதான் கிடக்கின்றன.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் கமாலுதீன். ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சைகூட எழுதாதவன். பதிமூன்று வயதில் ராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கடையைக் கூட்டிப் பெருக்க வந்தேன். இன்று அதே தெருவில் என் பெயரில் கடை, திருவொற்றியூரில் குடோன், பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு மாடி வீடு. கிரேனில் பாரம் தூக்குவதற்கு இரும்புக் கயிற்றை வளைத்து, நுனியில் கண் என்னும் வளையம் வைத்துப் பின்னிக் கொடுப்பது எங்கள் தொழில். சிலிங்கு என்போம். எண்ணூரிலிருந்து மணலி வரை எந்த யார்டில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், பாய் கடை சிலிங்கு அறுந்தது என்று ஒருத்தன் சொல்ல மாட்டான். இன்ஜினியரிங் படித்தவர்கள் என் கடை வாசலில் நின்று, எந்தப் பாரத்துக்கு எந்தக் கயிறு என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போகிறார்கள். இது வீண் பெருமை இல்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கண்ணைப் பின்னுகிறவன் ஜெயவேல். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன். பத்தொன்பது வயதில் என்னிடம் வேலைக்கு வந்தான், இப்போது நாற்பத்தெட்டு நடக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு எர்ணாவூரில் குடியிருப்பு. மனைவி அம்மு சட்டை தைக்கும் கம்பெனியில் பட்டன் கட்டுகிறாள். ஜெயவேல் பேச மாட்டான். காலையில் “வந்துட்டேன் பாய்” என்பான், சாயந்திரம் “வரேன் பாய்” என்பான். நடுவில் அவன் கைதான் பேசும். பெருவிரல் பருமனுள்ள இரும்புக் கயிற்றைப் பிரித்து, ஆறு புரியையும் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே செருகிக் கண் பின்ன மற்றவனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இவனுக்கு அரை மணி போதும். பின்னிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தால் ஒரு கம்பி குத்தாது.

பின்னுவதற்கு முன்னால் புரி சிதறிப் போகாமல் இருக்க நைலான் நூலை இறுக்கிச் சுற்ற வேண்டும். இரண்டு கையும் கம்பியைப் பிடித்திருக்கும். நூல் நுனியை எதால் இழுப்பது? பல்லால்தான். எங்கள் தெருவில் இந்த வேலை செய்கிற எவன் வாயைத் திறந்து பார்த்தாலும் வலது கடைவாயில் நூல் ஓடிய தடம் தெரியும். எனக்கும் இருக்கிறது. அதற்கென்று இரும்புக் கவ்வி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதை மாட்டிக் கழற்றும் நேரத்தில் நாலு சுற்று சுற்றிவிடலாம் என்று யாரும் தொடுவதில்லை. மேலே ஒட்டடை கட்டியிருக்கிறது.

கொரோனா அடங்கி ஹார்பரில் வேலை சூடு பிடித்த வருஷம், ஜெயவேல் நூலை இழுக்கும்போது கீழ் வரிசையில் வலது கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது. உடைந்த துண்டைத் துப்பி, பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாயந்திரம் வரை வேலை பார்த்தான். மறுநாள் பேச்சு குழறியபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. நான்தான் அவனைப் பைக்கில் உட்காரவைத்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் டாக்டர் நவ்ரீனிடம் கூட்டிப் போனேன். சின்ன வயசுப் பெண். கெட்டிக்காரி. எங்கள் ஜமாத்தில் முதல் பல் டாக்டர்.

வேரும் பிளந்திருக்கிறது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாள்.

“எடுத்துட்டு சும்மா உட்டா இன்னாம்மா ஆவும்? வாய்ல அவ்ளோ பல்லு கீது” என்று கேட்டேன்.

“பின்னாடி இருக்கற பல் அந்தக் காலி இடத்துப் பக்கம் சாயும் அங்கிள். மேல் பல் எதிர்ல ஆள் இல்லாம கீழே இறங்கும். ஒரு பல் போச்சுன்னா அக்கம்பக்கத்துக்கும் சேத்துதான் கஷ்டம்.”

இரண்டாவது வழி, பாலம் மாதிரி கட்டுவது. அதற்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் சுற்றி ராவிச் சிறிதாக்கி, மூன்றுக்கும் சேர்த்து ஒரே மூடி போட வேண்டும். அதுவரை வாயைத் திறந்து படுத்திருந்த ஜெயவேல் எழுந்து உட்கார்ந்தான்.

“பக்கத்து பல்லு ரெண்டும் நல்லா தானே கீது டாக்டரம்மா. அது இன்னா தப்பு பண்ணுச்சுன்னு அத்த ராவணும்?”

டாக்டர் சிரித்தாள். அப்படியென்றால் மூன்றாவது வழி, இம்ப்ளாண்ட். தாடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ ஒன்றை இறக்கி, அது எலும்போடு சேர்ந்த பிறகு மேலே ஒரு பல்லை மாட்டுவது. பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதே இல்லை, தன் காலில் தானே நிற்கும். முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்றாள். தன் காலில் தானே நிற்கும் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

“போடும்மா” என்றேன்.

ஜெயவேல் என்னைப் பார்த்தான். “கூலில புடிச்சிக்க பாய்.”

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேலையில் போன பல்தானே. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. வேண்டிய நேரத்தில் என் வாய் வராது. வேண்டாத நேரத்தில் தானாக வரும்.

நாலு மாதம் கழித்து ஸ்க்ரூ மேலே பல்லை மாட்டினார்கள். டாக்டர் அவனுக்குச் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்தது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறதாம். கடித்தால் அந்தப் பல் துளி அமுங்கும், வலித்தால் சொல்லும். இம்ப்ளாண்டுக்கு அந்த மெத்தை இல்லை. அமுங்காது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று சரியாகத் தெரியாது. எனக்கு உடனே புரிந்தது. காசிமேட்டில் படகு ஓரத்தில் பழைய டயரைக் கட்டித் தொங்கவிடுவார்கள், கரையில் இடித்தால் டயர் வாங்கிக்கொள்ளும். சொந்தப் பல் டயர் கட்டிய படகு. இது டயர் இல்லாத படகு. நான் இதைச் சொன்னதும் டாக்டர், “இத நான் பேஷன்ட்டுக்கெல்லாம் சொல்லிக்கறேன் அங்கிள்” என்றாள். படிப்பு வேறு, அறிவு வேறு.

பிறகு அவனிடம், “இந்தச் சின்ன பிரஷ்ஷால தினமும் சந்துல தேய்க்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. பக்கத்துப் பல்லுக்கு வரும்” என்றாள். ஜெயவேல் தலையாட்டினான்.

அன்று கடைக்குத் திரும்பியபோது எண்ணூர் கன்டெய்னர் யார்டிலிருந்து இரண்டு சூப்பர்வைசர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜெயவேலை நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன்.

“பாத்துக்கோ சார். டைட்டானியம். ஏரோப்ளேனுக்குப் போடற மெட்டலு. என் ஆளு வாய்ல கீது.”

அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் கொஞ்சம் வேகம் ஏறியது. ஜெயவேலின் தாடையில் இரண்டு தட்டுத் தட்டி, “டேய், இனிமே நூல அந்த இரும்பு பல்லுல புடி. சொந்த பல்லுக்கு லீவு குடு. முப்பத்தெட்டாயிரம் சும்மாவா” என்றேன். கடையே சிரித்தது. ஜெயவேலும் சிரித்தான். புதுப் பல் தெரியச் சிரித்தான்.

எங்கள் கடையில் கூலி கவரில் போட்டுக் கொடுப்பதில்லை, போனில் அனுப்புவதும் இல்லை. சனிக்கிழமை சாயந்திரம் ஆள் உள்ளங்கையை விரித்து நிற்க வேண்டும். நான் நோட்டை ஒவ்வொன்றாக எண்ணி வைப்பேன். கணக்கு சரி என்றால் கையை மூடுவான். மூடாமல் நின்றால் கணக்கில் தகராறு என்று அர்த்தம். நாற்பது வருஷமாக இதுதான் முறை. என் கடையில் கூலிச் சண்டை வந்ததே இல்லை. ஜெயவேலின் கடனுக்கும் நான் ஒரு முறை வைத்தேன். முழுக் கூலியையும் அவன் கையில் எண்ணி வைப்பேன். வைத்த பிறகு, மேலே இருக்கும் ஐநூறு ரூபாய் நோட்டை என் கையாலேயே திரும்ப எடுத்துக்கொள்வேன். கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும், வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும் என்றுதான். எழுபத்தாறு வாரம் மற்ற ஆட்கள் பார்க்க அவன் கையிலிருந்து எடுத்தேன். அது நியாயமான முறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆறு மாதம் முடிந்ததும், “பாய், பல்லு காட்டணும், அரை நாளு வேணும்” என்று கேட்டான்.

“நல்லா கீற பல்ல எதுக்குடா காட்டணும்? எத்தினி சிலிங்கு பாக்கி கீது பாரு” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.

நாலு வருஷம் ஓடியது. நடுவில் ஒன்றை மட்டும் கவனித்தேன். வெள்ளிக்கிழமை கடையில் எல்லாருக்கும் பிரியாணி வாங்குவேன், என் செலவில்தான். சாப்பிட்டு முடித்தால் ஜெயவேல் கம்பித் துணுக்கு ஒன்றைப் பொறுக்கி வலது கடைவாயைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். “இன்னாடா, கறி மாட்டிகிச்சா?” என்பேன். “அந்த சந்துல எப்பவும் மாட்டுது பாய்” என்பான். அவ்வளவுதான் பேச்சு. டாக்டர் கொடுத்த சின்ன பிரஷ் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது.

போன மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. நாற்பது சிலிங்கு, பத்து நாளில் எண்ணூருக்குப் போக வேண்டும். மூன்றாவது நாள் காலையில் ஜெயவேல் வலது கன்னம் வீங்கி, கண் இடுங்கிப் போய் வந்து நின்றான். நூலை வாயில் வைத்தான், எடுத்துவிட்டான். திரும்ப வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வலி அவனுக்கு என்று தெரியும். ஆனால் ஆர்டர் என்னுடையது, பெயர் என்னுடையது.

“முப்பத்தெட்டாயிரம் போட்ட பல்லு நாலு வருஷம் தாங்கலயா? வாடா. இன்னிக்கு அந்தப் பொண்ண ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்.”

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல அசையாமல் நின்றுகொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் வெயிலில் ஊர்ந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஒரு சத்தம் போடவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் என் தோளைப் பிடித்த கை மட்டும் இறுகியது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. வலிக்கிறவன் கத்த வேண்டியதுதானே.

உள்ளே போனதும் நான் ஆரம்பித்தேன். “என்னம்மா பொருள் குடுத்துக்கீற நீ? என் கடைல சரக்கு கெட்டா நான் மாத்திக் குடுப்பேன். நீ இன்னா பண்ணப் போற?”

டாக்டர் நவ்ரீன் முதலில் எக்ஸ்ரே எடுத்தாள். எடுத்து ஸ்க்ரீனில் காட்டினாள். நடுவில் ஸ்க்ரூ வெள்ளையாக, மரை மரையாக, எலும்பில் கெட்டியாக நின்றது. போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே.

“உங்க இம்ப்ளாண்ட் நல்லா இருக்கு அங்கிள். குறை அதுல இல்ல.”

“அப்ப எதுல?”

அதற்கு முன்னால் இருக்கும் பல்லைக் காட்டினாள். ஜெயவேலின் சொந்தப் பல். பின்பக்கம் ஈறு ஓரத்தில் கறுப்பாக ஒரு பள்ளம், அங்கிருந்து உள்ளே வரை நிழல்.

“சொந்தப் பல்லெல்லாம் வயசு ஆக ஆகத் துளித்துளியா முன்பக்கம் நகரும். இம்ப்ளாண்ட் நகராது, போட்ட இடத்துலயே நிக்கும். அதனால சில பேருக்கு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழும். அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னேன். ஆரம்பத்துலயே பாத்திருந்தா, ஸ்க்ரூ மேல இருக்கற பல்லை மட்டும் மாத்தி சந்தை அடைச்சிருப்பேன்.”

நான் சுவரைப் பார்த்தேன்.

“ஆனா இது வெறும் சந்து இல்ல” என்று அவள் ஜெயவேல் பக்கம் திரும்பினாள். “பல்லுல ரம்பம் போட்ட மாதிரி ஒரு வெட்டு இருக்கு. அந்த வெட்டுல சாப்பாடு தங்கித்தான் சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கு. அங்க என்ன போட்டு இழுக்கறீங்க?”

“நூலு” என்றான்.

“நைலான் நூலா? இம்ப்ளாண்டுல பிடிச்சா?”

“ஆமா டாக்டரம்மா. அதுல புடிச்சா வலிக்காது. எம்மாம் இழுத்தாலும் அசையாது.”

“அது அசையாதுங்க. பக்கத்துப் பல்லுதான் அசையும். நீங்க இழுக்கற இழுப்பெல்லாம் இதோட முதுகுலதான் அறுத்திருக்கு. நாலு வருஷமா தினமுமா? அதுல பிடிக்கச் சொல்லி யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

தாடையில் நான் தட்டிய இரண்டு தட்டும், கடை சிரித்த சிரிப்பும் அப்படியே ஞாபகம் வந்தன. ஜெயவேல் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“யாரும் சொல்லல டாக்டரம்மா. நானாதான் புடிச்சேன்.”

அந்த இடத்திலும் எனக்கு வாய் வரவில்லை.

சீழ் வடிய மருந்து, மாத்திரை எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாள். ரூட் கனால் செய்து, கேப் போட்டு, இம்ப்ளாண்டின் மேலே மாட்டிய பல்லையும் மாற்றிச் சந்தை அடைத்தால் அந்தப் பல் பிழைக்கும். நாலு தடவை வர வேண்டும். பதினாலாயிரத்து ஐநூறு. பிடுங்கினால் அறுநூறு ரூபாயோடு போகும். ஆனால் போன தடவை சொன்ன கதைதான் திரும்பவும்: மேல் பல் இறங்கும், பக்கத்துப் பல் சாயும், அப்புறம் இன்னொரு ஸ்க்ரூ.

“புடுங்கிடுங்க” என்றான் ஜெயவேல்.

அந்த வாரம் முழுக்க எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்தது. சிலிங்குகளை வேறு ஒருத்தனிடம் கொடுத்தேன், அவன் பின்னிய கண்ணில் கம்பி குத்தியது, மூன்றைத் திரும்பப் பிரிக்க வைத்தேன். ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்று வீட்டில் என் மனைவி அஜீசாவிடம் சத்தம் போட்டேன். உப்பு இருக்கத்தான் செய்தது. “ஜெயவேலுக்குப் பல்லு வலிச்சா நீங்க எதுக்குக் கத்துறீங்க?” என்றாள்.

வியாழக்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். மாத்திரையில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது.

“பல்ல புடுங்காதடா. பதினாலாயிரத்து ஐநூறு நான் தரேன். மெதுவா குடு. வாரம் ஐநூறு. வேணும்னா முந்நூறு.”

“வாணாம் பாய்.”

“ஏன்டா?”

கீழே கிடந்த கம்பித் துண்டைக் காலால் நகர்த்திக்கொண்டே சொன்னான். “பல்லு இல்லாம இருந்துடலாம் பாய். இன்னோர் தபா அத்தினி சனிக்கெழம கைய நீட்டிகினு நிக்க என்னால ஆவாது.”

இருபத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். எனக்குக் கோபம்தான் வந்தது. கடன் கொடுக்கிறவனுக்கு நன்றி சொல்லாவிட்டாலும் போகட்டும், இப்படியா பேசுவது என்று. “போ, புடுங்கிக்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி என் நாக்கு வலது கடைவாயில் பழைய நூல் தடத்தைத் தேடிப் பிடித்து, அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் கூலி எண்ண உட்கார்ந்தேன். ஆட்கள் ஐந்து பேர். கடைசியாக ஜெயவேலுக்கு முறை வந்தபோது அம்முவும் கூட வந்து நின்றாள். கம்பெனி வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள், தலையில் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஜெயவேல் கையில் கூலியை எண்ணி வைத்தேன். கையை மூடினான்.

“நாளிக்கு காலைல புடுங்க போறான் பாய்” என்றாள் அம்மு.

“அவன்தானே வேணும்னான். நான் பணம் தரேன்னு சொன்னேம்மா. கேட்டுப் பாரு.”

“கடன்தானே தரேன்ன?”

“பின்ன?”

“ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அன்னிக்கு இரும்பு பல்லு மாட்டிகினு வூட்டுக்கு வந்து இந்தாளு தெருவுக்கெல்லாம் காட்டினான். ‘பாயே சொல்டாரு, இனிமே இதுலதான் புடிக்கணும்னு’ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சான். வாணாம்யா, டாக்டரு இன்னா சொன்னாங்கன்னு நான் கேட்டேன். பொண்டாட்டி சொன்னா ஏறுமா? நீ சொன்னா கல்லுல வெட்டின மாதிரி.”

ஜெயவேல், “ஏய், வா போலாம்” என்று அவள் முழங்கையைப் பிடித்தான்.

“உடுய்யா. டாக்டரு கிட்ட நானா புடிச்சேன்னு சொல்லிட்டு வந்துக்கீற. உனக்கு இன்னா, பாய் மேல கலீஜு படக்கூடாது.” என் பக்கம் திரும்பினாள். “சொன்னியா இல்லயா பாய்?”

மற்ற நாலு பேரும் கையிலிருந்த கூலியை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் எல்லாரும் அன்று சிரித்தவர்கள்.

“தமாஷுக்கு சொன்னதும்மா அது.”

“தமாஷு உன்து. பல்லு இவன்து.”

நான் என் பணப்பெட்டியைப் பார்த்தேன். பொய் சொல்லப் போவதில்லை, முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். என் கடையில், என் மேஜைக்கு முன்னால், என் ஆட்கள் பார்க்க ஒருத்தி என்னை நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். பதிமூன்று வயதிலிருந்து நான் யாரிடமும் இப்படி நின்றதில்லை. வெளியே போம்மா என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் சுவரில் அந்தக் கவ்வி ஒட்டடையோடு தொங்குவது கண்ணில் பட்டது. அதை எடுத்து மாட்டுடா என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். நான் சொன்னதெல்லாம் அந்த இரும்புப் பல்லில் பிடி என்பதுதான். என் பேச்சைக் கேட்டவன் வாயில் அது அறுத்திருக்கிறது. பேச்சைக் கேட்காதவனாக இருந்திருந்தால் அவன் பல் நன்றாக இருந்திருக்கும். இதை நினைக்க நினைக்க யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

“ஆமா” என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். “நான்தான் அதுல புடிக்க சொன்னேன்.”

ஜெயவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னாம்மா வேணும் உனக்கு?”

“கடன் வாணாம். பல்லு வேணும்.”

“கடன் இல்ல. எழுதிக்க மாட்டேன். கைய நீட்டு.”

நான் ஜெயவேலைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் கை அசையவில்லை, உள்ளே கூலி இருக்க மூடியபடியே இருந்தது. அம்மு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து தன் உள்ளங்கையை விரித்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

ஐநூறு ரூபாய்க் கட்டைப் பிரித்தேன். எப்போதும்போல ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன். பத்து வரும்போது வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, நிறுத்திவிட்டுத் திரும்பவும் பத்து என்று சொல்லித் தொடர்ந்தேன். இருபது. இருபத்தைந்து. இருபத்தொன்பது. பதினாலாயிரத்து ஐநூறு. சரியாகப் போயிற்று.

கை மூடவில்லை.

“இன்னும் இன்னா?” என்றேன்.

“நாலு தபா வர சொல்லிக்கீறாங்க. நாலு அரை நாளு. அத்த கூலில கழிப்ப நீ.”

அரை நாள் கூலி ஐநூறு. யாரோ பின்னால் செருமினார்கள். நான் கட்டிலிருந்து இன்னும் நாலு நோட்டை உருவினேன். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. கடைசி நோட்டை வைத்தபோது, எழுபத்தாறு வாரப் பழக்கம், என் இரண்டு விரலும் அதன் மேலேயே நின்றுவிட்டன. அம்மு பார்த்தாள். ஜெயவேலும் பார்த்தான். விரலை எடுத்துக்கொண்டேன்.

“முப்பத்து மூணு” என்றேன்.

அவள் கையை மூடினாள்.